டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைப் பிறர் கையில் கொடுக்காதீர்கள்: செக்யூரிட்டி டெண்டர் ஆசையில் நான் ஏமாந்த விவரம்

பாளையங்கோட்டையில் சிறிய செக்யூரிட்டி ஏஜென்சி ஒன்றை நடத்தி வருகிறேன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தபின், 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி 2022இல் உரிமம் வாங்கி, இரண்டு ஜவுளிக்கடைகளுக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் காவலர்களை அனுப்பி வந்தேன். அரசு டெண்டர் ஒன்று கிடைத்துவிட்டால் என்னிடம் வேலை பார்க்கும் இருபத்திரண்டு பேருக்கும் வருடம் முழுவதும் நிலையான சம்பளம் கிடைக்குமே என்ற எண்ணத்தில், 2024ஆம் ஆண்டு வண்ணார்பேட்டையில் அலுவலகம் வைத்திருந்த ஒரு டெண்டர் ஆலோசகரிடம் போனேன். அவர் இப்போதும் ஆள் பிடித்துக்கொண்டிருப்பதாக வள்ளியூரிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் தகவல் வருவதால் இதை எழுதுகிறேன்.

முதல் நாளே கூடங்குளம், மகேந்திரகிரி என்று பெரிய இடங்களின் பெயர்களைச் சொன்னார். கூடங்குளம் அணுமின் நிலையத்தையும் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகத்தையும் காப்பது மத்திய தொழில் பாதுகாப்புப் படை. மாநில அரசு நிறுவனங்கள் பலவற்றுக்கு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ காவலர்களை அனுப்புகிறது. அங்கெல்லாம் என்னைப் போன்ற சிறு ஏஜென்சிக்கு வேலை கிடைப்பது அரிது என்பது ஒரு முன்னாள் படைவீரனான எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும், "நீங்க ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க அண்ணாச்சி, கையெழுத்து மட்டும் போடுங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன்" என்று அவர் சொன்னபோது, தெரிந்ததை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு நம்பினேன்.

என்னிடமிருந்து அவர் வாங்கியது மொத்தம் 92,500 ரூபாய். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவுக்கு 4,500 ரூபாய், மத்திய அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம்மில் பதிவதற்கு 12,000 ரூபாய், இணையத்தில் கையெழுத்திட உதவும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு 6,000 ரூபாய், டெண்டர் ஆவணங்கள் தயாரிக்க 22,000 ரூபாய், டெண்டருக்கு விண்ணப்பிக்கும்போது பிணையாகக் கட்டும் ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகைக்கு 48,000 ரூபாய் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். உத்யம் பதிவுக்கு அரசு ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை. ஆதார், பான் எண்களை வைத்துக்கொண்டு நாமே பதிந்துகொள்ளலாம், மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள். ஜெம் தளத்தில் விற்பனையாளராகப் பதியவும் கட்டணம் கிடையாது. டோக்கனுக்கு மட்டும் விலை உண்டு.

ஈ.எம்.டி. விஷயம்தான் இன்னும் மனதை அறுக்கிறது. 2012ஆம் ஆண்டின் பொதுக்கொள்முதல் கொள்கைப்படி, உத்யம் சான்று உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு மத்திய அரசு டெண்டர்களில் முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. என் விண்ணப்பத்திலும் அந்த விலக்கைத்தான் அவர் கோரியிருந்தார். கட்டத் தேவையில்லாத பணத்தைக் கட்டியதாகச் சொல்லி, அந்த 48,000 ரூபாயைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். "டெண்டர் முடிஞ்சதும் ரீஃபண்ட் வந்துரும் அண்ணாச்சி" என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு அந்த டோக்கனால் வந்தது. அது பென் டிரைவ் போல ஒரு விரல் நீளம்தான் இருக்கும். அவர் மேசையின் இழுப்பறையில் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய அப்படிப்பட்ட டோக்கன்கள் கிடந்தன. ஒவ்வொன்றிலும் உரிமையாளர் பெயரும் பின் எண்ணும் எழுதிய வெள்ளைத் தாள் ரப்பர் வளையத்தால் சுற்றப்பட்டிருந்தது. இத்தனை பேர் இவரை நம்பியிருக்கிறார்கள் என்று எனக்குத் தைரியம் வந்தது. என் டோக்கனையும் பின் எண்ணையும் கொடுத்துவிட்டு வந்தேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி அந்த டோக்கனால் இடப்படும் கையெழுத்து, என் கையால் இட்ட கையெழுத்துக்குச் சமம் என்பதை நான் உணரவில்லை.

ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்குப் பத்துக் காவலர்கள் கேட்ட டெண்டரில் அவர் என் பெயரில் விண்ணப்பித்தார். சமர்ப்பிக்கும் முன் ஆவணங்களை ஒருமுறை காட்டுங்கள் என்று கேட்டேன், நேரமில்லை என்றார். ஆறு வாரம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தபோதுதான், ஒரு தனியார் கல்லூரிக்கு 2019 முதல் மூன்று ஆண்டுகள் நாற்பது காவலர்களை அனுப்பியதாக ஒரு போலி அனுபவச் சான்று என் பெயரில் இணைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். என் உரிமமே 2022இல்தான் தொடங்குகிறது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தால் யாருக்கும் புரிந்துவிடும். அங்கிருந்த அதிகாரிக்கும் அப்படித்தான் புரிந்திருக்கிறது. அந்த டெண்டர் ஆவணத்தை நான் முதன்முறையாக முழுவதும் படித்ததும் அன்றுதான். சிறு நிறுவனங்களுக்கு முன் அனுபவத்திலிருந்து தளர்வு உண்டா என்ற இடத்தில் 'ஆம்' என்று போட்டிருந்தார்கள். அந்தச் சான்றே தேவைப்பட்டிருக்கவில்லை.

நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்; ஆனால் கையெழுத்து உங்களுடையதாக இருக்கிறதே என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த அலுவலகத்தின் டெண்டர்களில் இரண்டு ஆண்டுகளுக்குக் கலந்துகொள்ள முடியாதபடி தடை விதித்தார்கள். பொது நிதி விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது.

டெண்டர் கிடைத்தால் ஓர் ஆளுக்கு மாதம் மூவாயிரம் நிற்கும் என்று அவர் சொன்ன கணக்கும் பொய். மத்திய அரசு ஆள் வழங்கல் டெண்டர்களில் குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் நிர்ணயிக்கப்பட்டவை, நம் கைக்கு வருவது சேவைக் கட்டணம் மட்டுமே. போட்டியில் பெரும்பாலோர் அதைக் குறைந்தபட்ச அளவான 3.85 சதவீதத்திலேயே வைக்கிறார்கள். 15,000 ரூபாய் கூலிக்கு அது 600 ரூபாயைக்கூடத் தொடுவதில்லை. பில் பணம் தாமதமானாலும், அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நாம் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியாக வேண்டும். பத்துப் பேருக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கையிலிருந்து போடும் வசதி இல்லாதவர்கள் இதில் இறங்குவதற்கு முன் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்க வேண்டும்.

டோக்கனைத் திரும்பப் பெற மூன்று முறை அலைந்தேன். பிறகு, அதை வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி, அதில் இருந்த டிஜிட்டல் கையெழுத்துச் சான்றை ரத்து செய்து, புதியது வாங்கினேன். டோக்கனை இப்படிக் கொடுத்து வைத்திருப்பவர்கள் முதலில் இதைச் செய்யுங்கள். பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

காவல் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். பணத்தில் பாதிக்கு மேல் அவர் சொன்ன வேறொருவரின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பியிருந்ததால் விசாரணை மெதுவாக நகர்கிறது. திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் இதே போலப் பணம் கொடுத்தவர்கள், அந்தத் துண்டுத்தாளையும் வங்கி விவரத்தையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். உங்கள் பெயரில் சமர்ப்பிக்கப்பட்ட ஒவ்வொரு விண்ணப்பத்தையும் உங்கள் ஜெம் கணக்கில் நுழைந்து இன்றே திறந்து பாருங்கள்.