கோழிப்பேன் பொடி: கோழிக்குச் சரி, கூட்டுக்குப் போதாது

இணையத்தில் வாங்கிய ஒரு கிலோ டயட்டோமேசியஸ் எர்த் பொடியை, ஐப்பசி தொடங்கி மூன்று மாதங்கள் எங்கள் வீட்டு ஒன்பது நாட்டுக்கோழிகளுக்கும் அவை அடையும் மரக்கூட்டுக்கும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பேன், உண்ணி, குடற்புழு ஆகிய அனைத்தையும் முட்டையோடு ஒழிக்கும் என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்தார்கள். அந்த வரிசையில் முதல் சொல் மட்டுமே எங்கள் வீட்டில் மெய்யானது. இதே வாசகத்தோடு பல பெயர்களில் இப்பொடி விற்கப்படுவதால், விற்றவர் பெயர் இங்கே தேவையில்லை.

அந்திக்குப் பிறகு வெடைக்கோழிகள் இரண்டு கூட்டுக்குள் நுழைய மறுத்து முருங்கைமரத்தில் ஏறி அமர்ந்ததுதான் முதல் அறிகுறி. பிடித்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகுகளை விலக்கியபோது வைக்கோல் நிறத்தில் பேன்கள் விரைந்தோடின. இறகின் அடித்தண்டில் வெள்ளை முட்டைகள் கொத்தாக அப்பியிருந்தன. பேன் தன் வாழ்நாள் முழுவதையும் கோழியின் உடலிலேயே கழிப்பதால், பொடியை உடலில் தூவினால் அதன் மேல் படாமல் போகாது. படிந்துபோன நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளே இந்தப் பொடி; அது பூச்சியின் மேல்தோலிலுள்ள மெழுகுப் பூச்சை உறிஞ்சியும் கீறியும் எடுத்துவிட, பூச்சி நீர் வற்றிச் சாகிறது. முட்டைக்குள் இருப்பதை அது தொடாது என்பதால் பத்து நாள் இடைவெளியில் மும்முறை தூவினேன். அதன் பிறகு இறகுகளுக்கிடையில் பேன் தென்படவில்லை.

ஆனால் கோழிகள் மட்டும் கூட்டை ஏற்கவில்லை. அவற்றின் கொண்டைகளும் வெளுத்துக்கொண்டே வந்தன. பகலில் எவ்வளவு தேடியும் கூட்டில் எதுவும் அகப்படாததால், இரவு பத்து மணிக்கு டார்ச் விளக்கோடு சென்று, கோழிகள் அமரும் கட்டையின் அடிப்புறத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் இரத்தக் கோடுகள் விழுந்தன. டெர்மனிசஸ் கல்லினே எனப்படும் சிவப்புச் சிற்றுண்ணி அது: பகலெல்லாம் மர இடுக்கில் சாம்பல் நிறத்தில் பதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து கோழியின் இரத்தத்தைக் குடித்துச் சிவந்து திரும்புவது. வெப்பமும் இரையும் இருந்தால் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் ஒரு தலைமுறை பெருகிவிடும். குளிர்ந்த இடத்தில் இரையின்றி மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். கோழியின் மேல் எவ்வளவு பொடி தூவி என்ன பயன்?

இடுக்குகளிலும் பொடியைத் திணித்துப் பார்த்தேன். அடைமழைக் காலத்தின் ஈரக்காற்றில் அது இரண்டே நாளில் சுண்ணாம்புக் குழம்பைப் போலாகிவிட்டது. உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும் என்ற ஒற்றை வரியைப் பொட்டலத்தில் அச்சிட ஏன் மனம் வரவில்லை என்று தெரியவில்லை. குடற்புழுவைப் பற்றிய வாக்குறுதியையும் இதை வைத்தே எடைபோடலாம்: ஈரத்தில் செயலிழக்கும் பொடி எப்போதும் ஈரமாயிருக்கும் குடலுக்குள் என்ன செய்துவிடும்?

கடைசியில் கூட்டைக் காப்பாற்றியது வேறு. மூங்கில் கட்டைகளை எரித்துவிட்டு, பிளவில்லாத வழவழப்பான கட்டைகளை வைத்து, மரச்சட்டங்களின் இணைப்புகளில் கொதிநீர் ஊற்றி, கால்நடை மருத்துவர் அளவு சொல்லிக் கொடுத்த டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியின் கரைசலைக் கோழிகளை வெளியேற்றிய பின் தெளித்து, நன்றாகக் காய்ந்த பிறகே அவற்றை உள்ளே விட்டேன். ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளித்ததும், வெள்ளைத் துணி வெள்ளையாகவே திரும்பியது. அந்த நாட்களின் முட்டைகளை உண்ணலாமா என்பதையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

பொட்டலத்தில் விடுபட்ட இன்னொன்று, முகக்கவசம். இதன் தூசி மனித நுரையீரலுக்கும் கோழியின் மூச்சுப்பைக்கும் கேடு. காற்றில்லாத நேரத்தில், தலையை விட்டுவிட்டுச் சிறிதளவே தூவ வேண்டும். நீச்சல்குள வடிகட்டிக்கான பொடியில் படிகச் சிலிக்கா மிகுதி என்பதால், மலிவாகக் கிடைத்தாலும் அதைத் தொட வேண்டாம்.

பேனுக்காக மட்டும் என்றால் ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருவேன். வாங்குவோருக்கு அரைக் கிலோவே மிகுதி. மீந்த பொடியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன், தை பிறந்து வெயில் ஏறியதும் அடையில் அமரப்போகும் கறுப்புக் கோழிக்காக.