பிரைமரியில் யாருக்கும் பெரும்பான்மை இல்லையென்றால்: மாநாடா, இரண்டாம் சுற்றா, விருப்ப வரிசையா?

2014 ஜூனில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 3-ஆவது நாடாளுமன்றத் தொகுதிக்குக் குடியரசுக் கட்சியின் பிரைமரி நடந்தது. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே வாக்களித்துச் சொல்லும் தேர்தல்தான் பிரைமரி. ஆறு பேர் போட்டி. பிராட் ஸான் சுமார் 25 சதவீத வாக்கோடு முதலிடம் வந்தார். டேவிட் யங் சுமார் 16 சதவீதத்தோடு ஐந்தாமிடம். கடைசியில் கட்சியின் வேட்பாளர் ஆனவர் யங்தான். நவம்பரில் வென்று வாஷிங்டனுக்கும் போனார்.

இதில் தில்லுமுல்லு எதுவும் கிடையாது. பிரைமரியில் ஒருவருக்கும் 35 சதவீதம் கிடைக்காவிட்டால் கட்சிப் பிரதிநிதிகளின் மாநாடு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அயோவா சட்டம். மாநாட்டில் ஐந்தாவது சுற்று வாக்கெடுப்பில் யங் தேறினார். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் பிரைமரியில் வாக்களித்த ஒருவரிடமாவது, "நீங்கள் விரும்பியவர் இல்லையென்றால் அடுத்து யார்?" என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு முறையை நல்லது, கெட்டது என்று பிரிக்க இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் எண்ணம். வாக்கு நாலாபக்கமும் சிதறிவிட்டது. இனி இரண்டாவது விருப்பத்தைச் சொல்லப்போவது யார்? அமெரிக்காவில் இதற்கு நான்கு விதமான பதில்கள் நடைமுறையில் இருக்கின்றன.

முதலில் மாநாடு. இதற்கு ஆதரவாகச் சொல்ல வலுவான வாதம் உண்டு. பிரதிநிதிகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசலாம், பேரம் பேசலாம், யாருக்கும் வெறுப்பில்லாத ஒருவரைக் கண்டுபிடிக்கலாம். 1860-இல் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாட்டின் முதல் சுற்றில் வில்லியம் சீவர்டுக்கு 173½ வாக்குகள், ஆபிரகாம் லிங்கனுக்கு 102. மூன்றாவது சுற்றில் லிங்கன் வேட்பாளர் ஆனார். மாநாட்டை ஆதரிப்பவர்கள் இன்றும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் அன்றைக்குப் பிரைமரி என்ற ஒன்றே கிடையாது. மக்கள் சொன்னதை மாநாடு தாண்டிப் போனது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

1952-இல் அந்த இடம் இருந்தது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட எஸ்டெஸ் கெஃபாவர் பெரும்பாலான பிரைமரிகளை வென்றிருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் பதவியில் இருந்த அதிபர் ட்ரூமனையே தோற்கடித்தவர். ஜனநாயகக் கட்சி மாநாடு மூன்றாவது சுற்றில் அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்தது. நவம்பரில் அவர் ஐசனோவரிடம் தோற்றார். அதே கட்சியின் 1924 மாநாட்டுக் கதை இன்னும் மோசம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்ற விதி இருந்ததால் முன்னணிப் போட்டியாளர்களான மெக்காடூவும் அல் ஸ்மித்தும் ஒருவரையொருவர் மறித்துக்கொண்டே இருந்தார்கள். நியூயார்க்கின் வெயிலில் 103 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகு ஜான் டேவிஸ் என்ற சமரச வேட்பாளர் வந்தார், அவரும் தோற்றார். பேசி முடிவெடுப்பது நல்லதுதான். ஆனால் அதைப் பேசும் பிரதிநிதிகள் மக்களின் மனதைப் பிரதிபலிப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இந்தக் குறையை ஜனநாயகக் கட்சியே ஒருவிதத்தில் ஏற்றுக்கொண்டது. பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாத, தலைவர்களும் எம்.பி.க்களும் அடங்கிய சூப்பர் டெலிகேட்டுகள், போட்டி இருக்கும் மாநாட்டில் முதல் சுற்றில் வாக்களிக்கக் கூடாது என்று 2018-இல் விதியை மாற்றினார்கள். இரண்டாவது சுற்றுக்குப் போனால் மட்டும் அவர்கள் உள்ளே வருவார்கள். அதாவது, முடிவு இழுபறியாகும்போதுதான் அவர்களுடைய கை ஓங்கும். பாதி திருத்தம் என்றுதான் இதைச் சொல்ல முடியும்.

அடுத்தது இரண்டாம் சுற்றுத் தேர்தல், அங்கே 'ரன்ஆஃப்'. டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற தென்மாநிலங்களில் இதுதான் வழக்கம். பாதிக்கு மேல் யாரும் வாங்காவிட்டால் முதல் இருவர் மட்டும் சில வாரங்கள் கழித்து மறுபடி மோதுவார்கள். 2012-இல் டெக்சாஸ் செனட் பிரைமரியில் டேவிட் டியூஹர்ஸ்ட் சுமார் 45 சதவீதம், டெட் குரூஸ் சுமார் 34 சதவீதம். இரண்டாம் சுற்றில் குரூஸ் சுமார் 57 சதவீதத்தோடு தூக்கியடித்தார். குரூஸைப் பிடிக்கிறதோ இல்லையோ, இங்கே அடுத்த விருப்பத்தைச் சொன்னவர்கள் வாக்காளர்கள். அது பெரிய விஷயம்.

சிக்கல் என்னவென்றால், இரண்டாவது முறை எல்லோரும் வருவதில்லை. வேலையை விட்டுவிட்டு மறுபடி வரிசையில் நிற்க முடிந்தவர்கள் வருவார்கள். நியூயார்க் நகரத்தில் 2013-இல் மக்களின் புகார்களைக் கவனிக்கும் 'பப்ளிக் அட்வகேட்' பதவிக்கு இப்படி ஒரு ஜனநாயகக் கட்சி ரன்ஆஃப் நடந்தது. தேர்தல் செலவு சுமார் 1.3 கோடி டாலர். அந்த அலுவலகத்தின் ஆண்டு பட்ஜெட்டைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பிரைமரிக்கு வந்தவர்களில் பாதிப்பேர்கூட ரன்ஆஃபுக்கு வரவில்லை.

முதலிடம் வந்தவரே வேட்பாளர் என்பது மூன்றாவது வழி. எளிது, மலிவு. ஆனால் அடுத்த விருப்பத்தை இங்கே யாரிடமும் கேட்பதே இல்லை. 2016-இல் தென் கரோலினாவில் குடியரசுக் கட்சியின் அதிபர் பிரைமரியில் டிரம்ப் 32.5 சதவீத வாக்கு வாங்கினார். மாநாட்டுக்குப் போகும் மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் அவர் பக்கம் போனார்கள். இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

நான்காவது, விருப்ப வரிசை. வாக்குச்சீட்டிலேயே 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவது. இலங்கை அதிபர் தேர்தலில் விருப்பு வாக்கு அளித்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.எல்.ஏ.க்களும் இப்படித்தான் வாக்களிக்கிறார்கள். நியூயார்க் நகரம் 2019-இல் வாக்கெடுப்பு நடத்தி இதற்கு மாறியது. அங்கே ஒவ்வொரு சுற்றிலும் கடைசியில் இருப்பவர் நீங்க, அவருடைய வாக்குகள் அடுத்த விருப்பத்துக்கு நகரும். 2021 மேயர் பிரைமரியில் எரிக் ஆடம்ஸ் முதல் விருப்பத்தில் சுமார் 31 சதவீதம்தான் வாங்கினார். கேத்ரின் கார்சியா மூன்றாமிடத்தில் இருந்து மேலேறி வந்து, கடைசிச் சுற்றில் ஆடம்ஸிடம் 7,197 வாக்குகளில் தோற்றார்.

இதிலும் ஓட்டை உண்டு, மறைக்கக் கூடாது. ஐந்து பேர் வரை வரிசைப்படுத்தலாம் என்றாலும், கடைசி இருவரில் ஒருவரையும் எழுதாததால் சுமார் 1.4 லட்சம் சீட்டுகள் கடைசிச் சுற்றில் எண்ணிக்கைக்கு வெளியே நின்றன. வெற்றி வித்தியாசத்தைவிட இது பல மடங்கு. முடிவு தெரிய இரண்டு வாரம் ஆனது. அப்படியிருந்தும் நான் இந்தப் பக்கம்தான். எழுதாமல் விட்டது வாக்காளரின் முடிவு. எழுத நினைத்தவர் அதே நாளில், அதே சீட்டில் எழுதியிருப்பார். இன்னொரு நாள் விடுப்பு எடுக்க வேண்டியதில்லை, யாரோ ஒரு பிரதிநிதி தன் சார்பில் ஊகிக்க வேண்டியதும் இல்லை.

அதிபர் வேட்பாளருக்கு இது ஒத்துவருமா என்றால், ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2020-இல் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் ஆகிய நான்கு மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி அதிபர் வேட்பாளருக்கான வாக்கெடுப்பை விருப்ப வரிசையில் நடத்தியது. 15 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் ஒவ்வொருவராக நீங்க, அவர்களின் வாக்கு அடுத்த விருப்பத்துக்கு நகரும். மிஞ்சியவர்கள் பிரதிநிதிகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள். மாநாடு இருக்கட்டும், ஆனால் அங்கே போகும் பிரதிநிதிகள் மக்களின் இரண்டாவது விருப்பத்தையும் சேர்த்தே சுமந்துகொண்டு போவார்கள்.

அதே ஆண்டு மார்ச் 3, பல மாநிலங்கள் ஒரே நாளில் பிரைமரி நடத்தும் சூப்பர் செவ்வாய். அதற்குச் சற்று முன்னால்தான் ஜனநாயகக் கட்சிப் போட்டியாளர்களான பூட்டிஜெஜும் குளோபுசாரும் விலகி பைடனை ஆதரித்தார்கள். கலிஃபோர்னியாவில் அதற்குள் தபாலில் வாக்களித்து முடித்தவர்கள் ஏராளம். அந்தச் சீட்டுகளில் ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது.