கூலண்ட் மாற்றியதாகப் பில், ரேடியேட்டரிலோ குழாய்த் தண்ணீர்: கார் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கூலண்ட் (எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுசென்று தணிக்கும் திரவம்) மாற்றுவதற்காகக் காரை ஒர்க்‌ஷாப்பில் விட்டுத் திரும்பப் பெறுபவர்கள் பெரும்பாலும் ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்கிறார்கள். பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும் பிளாஸ்டிக் டப்பாவில் திரவம் பளிச்சென்று புது நிறத்தில் இருந்தால் வேலை முடிந்துவிட்டது என்று கருதிப் பணத்தைச் செலுத்திவிடுகிறார்கள். என் காரில் நடந்த ஏமாற்று வேலை முழுவதும் அந்த டப்பாவின் நிறத்தை நம்பியே செய்யப்பட்டிருந்தது. ஒர்க்‌ஷாப்பின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. அவர்கள் என்ன செய்தார்கள், அது எப்படி வெளிப்பட்டது, அதே வேலையை முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

காருடன் வந்த கையேட்டில் குறிப்பிட்டிருந்த காலக்கெடு நெருங்கியதால், பழைய கூலண்டை முழுமையாக வடித்து, அமைப்பைக் கழுவி, புதிய கூலண்ட் நிரப்பித் தரும்படி கேட்டிருந்தேன். ஜாப் கார்டிலும் அவ்வாறே எழுதினார்கள். காரைத் திரும்பப் பெற்றபோது பில்லில் கூலண்ட் கான்சன்ட்ரேட் (நீர் கலக்காத அடர் கூலண்ட்) 4 லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் 4 லிட்டர், ஃப்ளஷிங் கெமிக்கல், கூலி என்று தனித்தனியாக இருந்தன. டப்பாவில் முன்பு வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்த திரவம் இப்போது கரும்பச்சையாக இருந்தது. கையேட்டில் சொல்லப்பட்ட வகை இளஞ்சிவப்பு ஆயிற்றே என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் சார், கம்பெனிக்கு ஒரு கலர் போடுவாங்க" என்று பதில் வந்தது.

இந்தப் பதிலில் பாதி உண்மை. கூலண்டின் நிறம் என்பது வெறும் சாயம்தான். எந்த நிறம் எந்த வகையைக் குறிக்கும் என்பதற்கு எல்லாத் தயாரிப்பாளர்களையும் கட்டுப்படுத்தும் பொது விதி கிடையாது. ஆனால் எல்லாம் ஒன்று என்பது முழுப் பொய். பெரும்பாலான கூலண்டுகளின் அடிப்படை எத்திலீன் கிளைக்கால் என்றாலும், துருவையும் அரிப்பையும் தடுக்க அதில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்கள் வகைக்கு வகை மாறுகின்றன. சிலிக்கேட் போன்ற கனிம உப்புகளைக் கொண்ட பழைய வகையைச் சுமார் இரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டும். கரிம அமிலங்களைக் கொண்ட வகை பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை தாங்கும். இரண்டும் கலந்த வகைகளும், பாஸ்பேட் சேர்த்த வகைகளும் உண்டு. ஒவ்வாத இரண்டைக் கலந்தால் பாதுகாப்புக் காலம் குறையும்; சில கலவைகளில் கூழ் போன்ற படிவு உருவாகி ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் காருக்குள் சூடான காற்றுத் தரும் சிறு ரேடியேட்டரான ஹீட்டர் கோரையும் அடைத்துவிடும். ஆகவே கேட்க வேண்டியது கையேடு சொல்லும் தரக்குறியீடு கேனின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்பதைத்தான். நிறத்தைக் கேட்பதில் பயனில்லை.

பில்லில் இருந்த அளவுகளே முதல் சந்தேகத்தைக் கிளப்பின. என் காரின் குளிரூட்டும் அமைப்பு முழுவதும் சேர்த்துக் கொள்ளும் அளவு சுமார் 5 லிட்டர் என்று கையேடு சொல்கிறது. அதில் 4 லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றியிருந்தால் கலவை 80 விழுக்காடு ஆகியிருக்க வேண்டும். அது நல்லதன்று, ஏனென்றால் கிளைக்காலைவிட நீர்தான் வெப்பத்தைச் சிறப்பாக ஏற்றுக் கடத்துகிறது. உறைதலைத் தடுக்கும் திறன்கூட ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு மேல் குறையத் தொடங்குகிறது. பாதிக்குப் பாதி கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. கலக்காத கிளைக்காலோ மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். எனவே அந்தப் பில் உண்மையானால் வேலை தவறு, வேலை சரியானால் பில் பொய். கூடுதல் தண்ணீர் கழுவுவதற்குச் செலவானது என்று அவர்கள் சொன்னதை ஒப்புக்கொண்டாலும், கான்சன்ட்ரேட்டை ஊற்றி யாரும் எஞ்சினைக் கழுவுவதில்லை.

காரை ஓட்டத் தொடங்கிய பிறகு டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் களகளவென்று ஓடும் ஓசை கேட்டது. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்தாலும் எஞ்சின் சும்மா ஓடும்போது குளிர்ந்த காற்றே வந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மட்டும் சிறிது சூடு தெரிந்தது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது வெப்பநிலை முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறுவதும் திடீரென்று இறங்குவதுமாக இருந்தது. திரும்பவும் அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது, பானட்டைத் திறந்து டப்பாவைக் காட்டி, "லெவல் சரியா இருக்கு, கலர் புதுசா இருக்கு, இதுக்கு மேல என்ன சார் வேணும்?" என்று கேட்டுவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடானதும் திறந்து திரவத்தை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) வாட்டர் பம்பையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று புதிதாக ஒரு மதிப்பீட்டையும் நீட்டினார்கள். தாங்கள் விட்ட குறைக்கே இன்னொரு பில் போட முனைந்தது எனக்கு ஏமாற்றத்தைவிடக் கோபத்தையே அதிகம் தந்தது.

வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோனேன். எஞ்சின் முற்றிலும் ஆறும் வரை அவர் எதையும் தொடவில்லை. இது மிக முக்கியமானது: சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதிநிலையைத் தாண்டிய திரவம் நீராவியோடு பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்துவிடும். ஆறிய பின் மூடியைத் திறந்து பார்த்தபோது கழுத்துவரை நிற்க வேண்டிய திரவம் கீழே இறங்கியிருந்தது. நிறமும் பச்சையாக இல்லாமல் கலங்கிய செம்மண் நீர் போல இருந்தது. டப்பாவிலிருந்து ஒரு துளியும் ரேடியேட்டரிலிருந்து ஒரு துளியும் எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்துக் கூலண்டின் அடர்த்தியையும் உறைநிலையையும் காட்டும் கருவி) வைத்து என்னையே பார்க்கச் சொன்னார். டப்பாவில் இருந்தது மைனஸ் 37 டிகிரியை ஒட்டிய, நல்ல அடர்த்தியான கூலண்ட். ரேடியேட்டரில் இருந்ததன் உறைநிலை பூஜ்யத்தை நோக்கி வெகுவாக ஏறியிருந்தது. அதாவது அதில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்.

இது எப்படிச் சாத்தியம் என்று சிலர் கேட்கலாம். என் காரில் உள்ளது, ரேடியேட்டரின் மேல் அழுத்த மூடியும் பக்கத்தில் அழுத்தமில்லாத ரிசர்வ் டப்பாவும் கொண்ட அமைப்பு. எஞ்சின் சூடாகும்போது விரிவடையும் கொஞ்சம் திரவம் மூடியின் வால்வு வழியாக டப்பாவுக்குள் வரும். ஆறும்போது திரும்ப உறிஞ்சப்படும். மற்றபடி டப்பாவில் உள்ள திரவம் எஞ்சினுக்குள் சுற்றி ஓடுவதே இல்லை. ஆகவே டப்பாவில் மட்டும் நல்ல கூலண்டை ஊற்றிவிட்டு உள்ளே எதை வேண்டுமானாலும் நிரப்பிவைக்கலாம். நாள்கணக்கில் வெளியே தெரியாது. அழுத்தத்துடன் இயங்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் உள்ள கார்களில் திரவம் அந்த டேங்க் வழியாகவே சுற்றுவதால் இந்த வித்தை அவ்வளவு எளிதில் பலிக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றியதால் மட்டும் கார் உடனே சூடாகிவிடாது. நீர் வெப்பத்தை நன்றாக ஏற்றுக்கொண்டு செல்லும். அழுத்த மூடி சரியாக இருந்தால் அதன் கொதிநிலையும் 100 டிகிரிக்கு மேல் கணிசமாக உயர்ந்துவிடும். இந்த மோசடி பல கார்களில் வெளியே தெரியாமலேயே போவதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கேடு உள்ளே மெதுவாக நடக்கும். அரிப்புத் தடுப்பு இல்லாத நீரில் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் அரிபடும், குழாய் நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சூடான இடங்களில் சுண்ணாம்பாகப் படியும், குளோரைடு அரிப்பை விரைவுபடுத்தும். குளிர்ப் பகுதிகளில் ஆபத்து இன்னும் நேரடியானது: நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவடைவதால் எஞ்சின் பிளாக்கே விரிசல் விடலாம்.

என்னைக் காப்பாற்றியது அவர்களின் இரண்டாவது சோம்பேறித்தனம். ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்து அதில் இருந்ததை மட்டும் வடித்து, ஹோஸால் குழாய்த் தண்ணீரை நிரப்பி, காற்றை வெளியேற்றாமலேயே மூடியை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே சிக்கிய காற்று ஹீட்டர் கோரில் தங்கியதால்தான் அந்த ஓசையும் குளிர்ந்த காற்றும் வந்தன. காற்றுப் பை சிலிண்டர் ஹெட்டின் பக்கம் நகர்ந்துவிட்டால் அங்கே உலோகம் திரவத்தைத் தொடாமல் அளவுக்கு மீறிச் சூடாகும். சென்சாரும் காற்றில் நிற்பதால் முள் உண்மையைக் காட்டாது. அலுமினிய ஹெட் வளைந்து ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போவதற்கு அது போதும். நல்லவேளையாக அழுத்தச் சோதனையிலும், சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டில் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் நீலத் திரவச் சோதனையிலும் கேஸ்கெட் தப்பியிருந்தது தெரிந்தது. தெர்மோஸ்டாட்டிலும் வாட்டர் பம்பிலும் ஒரு குறையும் இல்லை.

இரண்டாவது மெக்கானிக் வேலை செய்ததை அருகிலிருந்து பார்த்தேன். ரேடியேட்டரின் வடிகுழாயை மட்டும் திறந்தால் மொத்தத் திரவத்தில் ஏறத்தாழ பாதிதான் வெளியே வரும் என்றும், மீதி எஞ்சின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் தங்கிவிடும் என்றும் சொல்லி, பிளாக்கின் வடிகால் திருகையும் கழற்றினார். அந்தத் திருகின் மேல் படிந்திருந்த பழைய அழுக்கு, அதை இதுவரை யாரும் தொட்டதில்லை என்பதற்குச் சாட்சியாக இருந்தது. அதைப் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு டிஸ்டில்டு வாட்டரை நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை எஞ்சினை ஓட்டி, ஆறவிட்டு, வடித்து, வெளியே வரும் நீர் தெளியும் வரை இதையே திரும்பச் செய்தார். தெர்மோஸ்டாட் திறக்காமல் கழுவினால் எஞ்சினுக்குள் இருப்பது ரேடியேட்டர் பக்கம் வராது என்பதால் இந்தப் பொறுமை அவசியம்.

அடுத்து அவர் போட்ட கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எவ்வளவு முயன்றாலும் கழுவிய நீரில் கொஞ்சம் உள்ளே தங்கும். 5 லிட்டர் அமைப்பில் 2 லிட்டர் நீர் தங்கியிருக்கும்போது, ஏற்கெனவே பாதிக்குப் பாதி கலந்து விற்கப்படும் கூலண்டை 3 லிட்டர் ஊற்றினால், உள்ளே கிளைக்காலின் பங்கு 30 விழுக்காடாக இறங்கிவிடும். எனவே வெளியே வந்த திரவத்தை அளந்து பார்த்து, மொத்தக் கொள்ளளவில் பாதியான 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மீதி இடத்தை மட்டும் டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினார். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, காற்று வெளியேற்றும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் திரவம் மட்டும் வரும்வரை காத்திருந்து அதை இறுக்கினார். ரேடியேட்டர் ஃபேன் ஓடி நின்று மீண்டும் ஓடும் வரை எஞ்சினை ஓடவிட்டார். ஆறிய பின் அளவு சற்று இறங்கியிருந்ததை நிரப்பி, கடைசியில் ரேடியேட்டரிலிருந்தே துளி எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரில் காட்டினார்.

இதிலிருந்து நீங்கள் கேட்டுப் பெற வேண்டியவை தெளிவு. சீல் பிரிக்காத கேனை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள்; காலிக் கேன்களைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் உள்ள லிட்டரைக் கையேட்டின் கொள்ளளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிளாக்கை வடிப்பார்களா, காற்றை எப்படி வெளியேற்றுவார்கள் என்று முன்கூட்டியே கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். சோதனைத் துளி டப்பாவிலிருந்து எடுத்ததா, ரேடியேட்டரிலிருந்து எடுத்ததா என்று கவனியுங்கள். நீர் தெளிவாக வரும் காருக்கு ஃப்ளஷிங் கெமிக்கலை வற்புறுத்தினால், அது என் பார்வையில் தேவையற்ற செலவு. வடித்த கூலண்ட் எங்கே போகிறது என்றும் கேளுங்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நச்சு. திறந்து கிடந்தால் நாயும் பூனையும் நக்கிக் குடித்து இறந்துபோகும். அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றக் கூடாது.

இரு ரிஃப்ராக்டோமீட்டர் அளவுகள், தொடப்படாத திருகின் படம், கொள்ளளவு குறிப்பிடப்பட்ட கையேட்டுப் பக்கம், பில் ஆகியவற்றை இணைத்து ஒர்க்‌ஷாப் மேலாளருக்கு எழுத்து வடிவில் புகார் அனுப்பினேன். கூலண்டுக்கும் கெமிக்கலுக்கும் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கூலியைத் தர முடியாது, ஏனென்றால் வேலை ஜாப் கார்டில் முடிந்ததாகப் பதிவாகிவிட்டது என்கிறார்கள். செய்யாத வேலையை முடிந்ததாகப் பதிந்தவர் யார் என்று கேட்டு அனுப்பிய இரண்டாவது கடிதத்துக்கு இதுவரை பதில் வரவில்லை.