போர்டு மாற்றினார்களாம், சந்தனப் பொட்டு கலையவே இல்லை

திருப்பாதிரிப்புலியூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உபுண்டு (விண்டோஸுக்குப் பதில் போடும் லினக்ஸ் இயங்குதளம்) போட்ட கம்ப்யூட்டர், உள்ளே திரையில் படம் காட்டும் ஒரு பழைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு. அப்டேட் போட்ட மறுநாள் காலையில் ஆன் செய்தால், கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து பத்துப் பதினைந்து வரி ஓடி அப்படியே உறைந்துவிட்டது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். அதே வரி.

மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிப் போனேன். ஒருமுறை ஆன் செய்து பார்த்துவிட்டு, "மதர்போர்டு போயிடுச்சு சார்" என்றார். நாலு நாள், 6,800 ரூபாய். பில் கேட்டால் துண்டுச் சீட்டு. அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லாமல் ஆட்டோவில் ஏற்றி வந்தது என் முட்டாள்தனம். கடையில் வந்து போட்டால், அதே வரியில் நிற்கிறது! போன் செய்தேன். "அப்போ கார்டும் போயிருக்கும், இன்னொரு 4,500 ஆகும்."

ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் பாண்டியிலிருந்து வந்தான். அங்கே இன்ஜினியரிங் படிக்கிறான். உறைந்த திரையைப் பார்த்தபடி கேப்ஸ் லாக்கை அழுத்தினான். விளக்கு எரிந்தது, அணைந்தது. "மெஷின் உயிரோடதான் இருக்கு மாமா, படம்தான் நின்னுபோச்சு." அந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்த பிரிண்டரை வைஃபையில் பொதுவாக வைத்திருக்கிறேன். தன் போனிலிருந்து ஒரு பக்கம் அனுப்பினான். பிரிண்டர் கரகரத்துப் பேப்பரைத் தள்ளியது. (விளக்கு அசையாவிட்டால் கதை வேறு, கெர்னலே, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியே, நின்றிருக்கலாம் என்றான்.)

தொடக்கத்தில் திரையைச் சாதாரண முறையில் காட்டிவிட்டு, பாதியில் கிராஃபிக்ஸ் டிரைவரிடம், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளிடம், ஒப்படைப்பார்களாம். அந்தக் கைமாற்றம் சொதப்பினால் கடைசியாக வந்த படமே திரையில் தங்கிவிடும். ஆன் செய்ததும் எஸ்கேப் விசையைத் தட்டி (பழைய பயாஸ் வகை போர்டு என்றால் ஷிஃப்ட்) கிரப் என்னும் தொடக்க மெனுவை வரவழைத்தான். 'இ' அழுத்தினான். லினக்ஸ் என்று தொடங்கும் வரியில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்பதை அழித்துவிட்டு, கடைசியில் 'நோமோட்செட்' (அந்தக் கைமாற்றம் வேண்டாம் என்ற கட்டளை) என்று சேர்த்து எஃப்10. திரை வந்துவிட்டது! எழுத்து மட்டும் பெரிசு பெரிசாக, கொஞ்சம் அசிங்கமாக. இது அந்த ஒரு தடவைக்குத்தான். அப்புறம் என்விடியா டிரைவரை மறுபடி நிறுவியதும் தானாகவே சரியாக வந்தது. செலவு, அவனுக்கு வாங்கிக் கொடுத்த பிரியாணி.

அவன்தான் கேட்டான்: "போர்டு மாத்தினாங்களா, நிஜமாவா?" ரூட்டரில் இந்தக் கம்ப்யூட்டருக்கு நிரந்தர ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) ஒதுக்கியிருக்கிறேன். போர்டில் இருக்கும் லேன் போர்ட்டின் மேக் எண்ணை (அதற்கென்றே உள்ள தனி அடையாள எண்) பார்த்துத்தான் ரூட்டர் அதைக் கொடுக்கும். போர்டு மாறியிருந்தால் மேக் எண்ணும் மாறியிருக்க வேண்டும். ஆனால் அதே பழைய ஐபி. டார்ச் அடித்து கேபினட்டைப் பார்த்தோம். பக்க மூடியும் சட்டமும் சேரும் இடத்தில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு, ஒரு கீறல்கூட விழாமல், நடுவில் குங்குமத்தோடு இருந்தது. திறக்கவே இல்லை, ஐயா!

போட்டோ எடுத்துக்கொண்டு போனேன். "கழற்றின பழைய போர்டைக் கொடுங்க" என்றேன். "ஸ்கிராப்ல போட்டாச்சு சார்." போட்டோவைக் காட்டினேன். வேலை செய்த பையன் லீவாம். 1915, நுகர்வோர் உதவி எண், அங்கேயே நின்று கூப்பிடட்டுமா என்றதும் கல்லாவிலிருந்து 3,000 வந்தது. மீதி 3,800 வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். இரண்டு வெள்ளி போய்விட்டது. துண்டுச் சீட்டையும் போட்டோவையும் வைத்து நேற்று புகார் பதிந்துவிட்டேன்.