சிங்கப்பூரா, நியூசிலாந்தா: குடியேறும் முன் பார்க்க வேண்டியவை

வேலைக்குப் போய்வர சிங்கப்பூரை அடிச்சுக்க ஆளில்லை. எம்ஆர்டி ரயில், பஸ் இரண்டுக்கும் ஒரே அட்டை. கார் ஆசை மட்டும் வேண்டாம்: முதலில் ஏலத்தில் சிஓஇ என்ற கார் உரிமைச் சான்றிதழை எடுக்க வேண்டும், அதுவும் 10 ஆண்டுக்குத்தான். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீடுகள் உறுதியானவை, ஆனால் 99 ஆண்டுக் குத்தகை.

நியூசிலாந்தில் இடமும் காற்றும் தாராளம், கோளாறு வீட்டில்தான். பழைய மரவீடுகளில் குளிர்காலத்தில் ஈரம் கோத்து, ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், அலமாரிக்குப் பின்னால் கரும்பூஞ்சை படரும். வாடகைக்குப் பார்க்கும்போது கூரையில் குளிர் தடுக்கும் இன்சுலேஷன், ஹாலை 18 டிகிரிக்குச் சூடேற்றும் ஹீட்டர், சமையலறையிலும் குளியலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் வாடகை வீடுகள் அனைத்துக்கும் 2025 ஜூலை 1 முதல் இந்த விதிகள் பொருந்தும். ஹால் வடக்குப் பார்த்திருப்பது முக்கியம். தென்கோளத்தில் குளிர்கால வெயில் வடக்கிலிருந்துதான் விழும்.

விபத்துக் காயம் என்றால் அங்கே ஏசிசி என்ற அரசு விபத்துக் காப்பீடு சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுக்கும், சுற்றுலா வந்தவருக்கும்கூட. அருமையான ஏற்பாடு. காய்ச்சல், சளிக்கு அது உதவாது; குடும்ப டாக்டருக்குப் பெரியவர்கள் பணம் கட்ட வேண்டும்.

பிள்ளைகள் பள்ளியிலேயே தமிழ் படிக்க வேண்டுமா? யோசிக்கவே வேண்டாம், சிங்கப்பூர். அங்கே தமிழ் ஆட்சிமொழி, தாய்மொழிப் பாடமும்கூட.