கசின் என்றால் யார்? ஆறு வருஷமாக ஆங்கிலேய உயில்களோடு

என் வீட்டுக்காரர் ஆங்கிலேயர். அவர் குடும்பத்து வம்சாவளியைத் தேட ஆரம்பித்து ஆறு வருஷமாகிறது. எனக்கு அதிகம் கைகொடுத்தவை பழைய உயில்கள்தான். அதிகம் ஏமாற்றியவையும் அவையே.

முதலில் ஒரு தேதியை மனதில் வையுங்கள்: 1858 ஜனவரி 12. அன்றுதான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புரோபேட், அதாவது ஒருவர் இறந்த பிறகு அவர் உயிலைச் சட்டப்படி உறுதிசெய்யும் வேலை, திருச்சபையிடமிருந்து அரசின் கைக்கு வந்தது. அதற்குப் பிந்தையவை சுலபம். வருஷாவருஷம் அச்சான அட்டவணையில் பெயர், ஊர், இறந்த நாள், சொத்து மதிப்பு எல்லாம் கிடைக்கும். நான் வாங்கியபோது நகலுக்கு 1.50 பவுண்டு. ஆனால் அந்த மதிப்பை அப்படியே நம்பாதீர்கள். 1898 வரை சொந்த நிலமும் வீடும் அதில் சேராது. 200 பவுண்டைப் பார்த்து ஒருவரை ‘பரம ஏழை’ என்று குறித்துவைத்தேன்; உயிலைத் திறந்தால் மூன்று வீடு!

1858-க்கு முன்னால் எல்லாம் திருச்சபை நீதிமன்றங்கள், அதுவும் நூற்றுக்கணக்கில். இறந்தவரின் சொத்து எங்கே, எவ்வளவு என்பதைப் பொறுத்து நீதிமன்றம் மாறும். கேன்டர்பரி பேராயர் நீதிமன்றத்து உயில்கள், 1384 முதல், லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். முதல் உயிலை இறக்கியதும் “எங்க தாத்தா கையெழுத்து எவ்வளவு அழகு பார்” என்றார் இவர். பக்கத்தை நகர்த்தினால் அடுத்தவர் உயிலிலும் அதே கையெழுத்து. குமாஸ்தா பேரேட்டில் எழுதிய பிரதி அது!

தேதியிலும் ஒரு பொறி உண்டு. ஒரு உயில் எழுதப்பட்டது 1712 நவம்பர், புரோபேட் ஆனது 1712 பிப்ரவரி. செத்த பிறகா எழுதினார் என்று குழம்பிப்போனேன். 1752-க்கு முன் அங்கே வருஷம் மார்ச் 25-ல்தான் பிறக்கும். அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1713.

என்னை உண்மையில் படுத்தியது உறவுமுறைதான். அத்தை மகனா, சித்தி மகனா என்று கேட்டே வளர்ந்தவள் நான். அங்கே எல்லாரும் ‘கசின்’; அண்ணன் மகனும் கசின், தூரத்துச் சொந்தமும் கசின். ‘சன்-இன்-லா’ என்று இருந்ததை மருமகன் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத ஒரு மகளை வம்ச மரத்தில் சேர்த்து, அவள் கல்யாணப் பதிவைத் தேடி எட்டு மாதம் வீணடித்தேன். அந்தக் காலத்தில் அந்தச் சொல் மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையையும் குறிக்கும்.

மூத்த மகன் பெயர் உயிலில் இல்லையென்றால் உடனே சண்டை என்று கதை கட்டாதீர்கள். நிலம் பெரும்பாலும் சட்டப்படியே அவனுக்குப் போய்விடும். இல்லை, முன்பே கொடுத்திருப்பார்கள். கல்யாணமான பெண்களின் உயில்களோ அபூர்வம். கல்யாணமான பெண்களுக்குச் சொத்துரிமை தந்த 1882 சட்டம் வரும்வரை உயில் எழுதப் பொதுவாகக் கணவன் சம்மதம் வேண்டும்.

மாமனார் வழி டெவன் மாவட்டம். அங்கே கதையே வேறு. 1942 மே மாதக் குண்டுவீச்சில் அந்த மாவட்டத்து எக்ஸிட்டர் நகரில் இருந்த உயில்கள் எரிந்துபோயின. 1812 முதல் 1857 வரை வரிக்காக எடுத்த பிரதிகள் மட்டும் தப்பியதால் இரண்டு தலைமுறை கிடைத்தது. அதற்கு மேலே இருட்டுதான்.

மாமியார் வழி நார்ஃபோக்கில் அதிர்ஷ்டம் அடித்தது. உயிலோடு சொத்துப் பட்டியலும் கிடைத்தது. 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு இவை அருகிப்போகும். அக்கம்பக்கத்தார் வந்து அறை அறையாக மதிப்புப் போட்டிருக்கிறார்கள். முதல் வரி, போட்டிருந்த துணிமணியும் பையில் இருந்த பணமும். பிறகு இறகு மெத்தை, பித்தளைச் சட்டி, இரண்டு பசு, ஒரு பன்றி. கடைசி வரி: ‘கண்ணில் படாததும் மறந்துபோனதும்’, அதற்கும் 2 ஷில்லிங். எதையாவது விட்டுவிட்டால் பின்னால் வம்பு வரக்கூடாதே என்று இப்படி ஒரு வரி சேர்ப்பது அங்கே வழக்கமாம்.