ஏடிஆர் 72-600, கியூ400: விமானியின் இருக்கையிலிருந்தும் தரைப் பணியாளரின் இடத்திலிருந்தும்

தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளம் நெடுங்காலம் 1,350 மீட்டர் நீளமே கொண்டிருந்தது. பெரிய ஜெட் விமானங்களுக்குப் போதாத அந்த நீளத்தில், சென்னையிலிருந்து வந்து இறங்கியவற்றுள் ஸ்பைஸ்ஜெட்டின் கியூ400, இண்டிகோவின் ஏடிஆர் 72-600 ஆகிய இரு பயணிகள் விமானங்களும் அடங்கும். இரண்டும் உடலுக்கு மேலே பொருத்திய இறக்கையும் ஆறு இதழ் ப்ரொப்பெல்லர்களும் உடையவை. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஆனால் ஓட்டுபவரும் பெட்டி ஏற்றுபவரும் இவற்றை ஒன்றென்று கருதுவதில்லை.

விமானியின் பக்கத்திலிருந்து தொடங்கினால், கியூ400-இன் கவர்ச்சி அதன் எஞ்சின்தான். ஒவ்வொன்றும் 5,071 குதிரைத்திறன் தருகிறது. ஏடிஆரின் எஞ்சின் புறப்படும்போது தருவது அதிகபட்சம் சுமார் 2,750 மட்டுமே. அந்த வலுவால் கியூ400 மணிக்கு 667 கிலோமீட்டர் வரை பறக்கிறது. ஏடிஆர் ஏறக்குறைய 510-இல் நின்றுவிடுகிறது. ஆனால் சென்னைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 530 கிலோமீட்டர்தான். காகிதக் கணக்கில் சுமார் பதினைந்து நிமிடம் மிச்சமாகும் என்றாலும், மேலேறுவதற்கும் இறங்குவதற்கும் செலவாகும் நேரத்தைக் கழித்தால் அதிலும் ஒரு பகுதி கரைந்துவிடும்.

அந்த வேகத்துக்கான விலையைக் கியூ400 தரையிறங்கும்போது கேட்கிறது. 32.8 மீட்டர் நீளமுள்ள உடல் ஆதலால், தொடுவதற்கு முன் மூக்கை வழக்கம்போல் உயர்த்தினால் வால் ஓடுதளத்தில் உரசிவிடும். எனவே இறங்கும் வேகத்தை மூக்கை உயர்த்திக் குறைக்காமல், எஞ்சின் விசையைக் கொண்டு குறைக்குமாறு விமானிகளுக்குக் கற்பிக்கிறார்கள். விசையை முன்கூட்டியே முழுவதுமாக விட்டுவிட்டால், அந்தப் பெரிய ப்ரொப்பெல்லர்களே தடையாகி விமானத்தைச் சட்டென்று கீழே இறக்கிவிடும். மெத்தென்று இறங்குவது இதில் எளிதன்று. ஏடிஆரின் தொல்லை வேறு வகை. அதன் சக்கரங்கள் வயிற்றோடு ஒட்டியிருப்பதால் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் இடையே 4.1 மீட்டர்தான் அகலம். எஞ்சின் கூட்டிலிருந்து சக்கரம் இறங்கும் கியூ400-இல் அது 8.8 மீட்டர். குறுக்குக் காற்று பலமாக வீசும் நாளில், தரையில் ஓடும் ஏடிஆர் சாயப் பார்க்கும். காற்றின் பக்கம் கட்டுப்பாட்டைத் திருப்பிப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும்.

ஏடிஆரின் விமானியறையில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் 72 பேர் இறந்த விபத்தில், ஃபிளாப் எனப்படும் இறக்கையின் பின்விளிம்பு மடிப்புகளை இயக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக ப்ரொப்பெல்லர்களைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல்கள் இழுக்கப்பட்டு, இரு எஞ்சின்களின் உந்துவிசையும் இல்லாமற்போனது. அருகருகே இருக்கும் நெம்புகோல்களைப் பார்த்துத் தொடுவது எவ்வளவு முக்கியம் என்பதை அதற்குப் பின் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தரைக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஏடிஆரில் வாலில் பொருத்தும் துணை எஞ்சின் கிடையாது. அதற்குப் பதிலாக வலது எஞ்சினின் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மின்சாரமும் குளிர்காற்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கு ‘ஹோட்டல் மோட்’ என்று பெயர். பயணிகள் ஏறும் பின்கதவும் பெட்டிகள் ஏறும் முன்கதவும் இரண்டுமே இடப்பக்கம் இருப்பதால், வலது எஞ்சின் ஓடுவது பெரும்பாலோருக்கு இடையூறாவதில்லை. நிற்கும் விமானத்துக்கு மின்சாரம் தரும் வண்டி பழுதாகிக் கிடக்கும் சிறு நிலையத்தில் இது பெரிய வரம். வலப்பக்கம் வேலை செய்பவருக்கோ அது இரைச்சலும் வெப்பமும்தான். எரிபொருள் நிரப்பும் இடமும் அந்தப் பக்கத்துச் சக்கரக் கூட்டிலேயே இருக்கிறது என்பது வடிவமைப்பாளர்களின் குறும்பு போலும்.

பயணிகள் பின்னால் ஏறுவதால் எடை வாலில் குவிந்து மூக்கு தூக்கிக்கொள்ளக்கூடும். அதனால் ஏடிஆர் நின்றவுடன் வாலுக்கு அடியில் ஒரு தாங்குகோலை வைக்கிறார்கள். புறப்படும் முன் அதை எடுப்பதும் ஒருவரின் கடமை. கியூ400-இல் முன்னும் பின்னும் பயணியர் கதவுகள் இருப்பதால், இரண்டையும் பயன்படுத்தும் நிலையத்தில் ஆட்கள் விரைவாக இறங்கிவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் தரைப் பணியாளருக்குக் கியூ400 தான் பிடிக்கும் என்பது என் எண்ணம்.

பராமரிப்புப் பொறியாளர்களின் நினைவில் கியூ400-ஐப் பற்றி ஒரு வடு உண்டு. 2007 செப்டம்பரில் ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ்-இன் இரு கியூ400 விமானங்களில், மூன்று நாள் இடைவெளியில், தரையிறங்கும்போது சக்கரக் கால் மடங்கியது. சக்கரத்தை இயக்கும் உறுப்பின் மரைகளில் ஏறிய துரு காரணமாகக் கண்டறியப்பட்டது. அக்டோபரில் மூன்றாவது விமானமொன்று வேறொரு கோளாறால் ஒரு பக்கச் சக்கரக் கால் இறங்காமலே தரையிறங்க, அந்நிறுவனம் இவ்வகையையே கைவிட்டது. கடற்காற்று வீசும் ஊர்களில் துருவைத் தேடும் பழக்கத்துக்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

எரிபொருள் செலவில் ஏடிஆர் தெளிவாகச் சிக்கனமானது. ஒரு மணி நேரப் பயணத்துக்கு என் தேர்வு அதுவே. பறக்கும் நேரம் இரண்டு மணியை நெருங்கும் தடமென்றால் கியூ400-இன் வேகத்துக்குப் பொருள் வரும். ஆனால் அதன் உற்பத்தி 2021-இல் நிறுத்திவைக்கப்பட்டது. அதை விரும்பும் நிறுவனம் இப்போது பழைய விமானங்களைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும்.